அன்னசாலையை விரிக்கும் முறை
(திருக்குடமுழுக்கு விழா அவையில் நிகழ்த்திய உரை)

திருச்சிற்றம்பலம்.

 

குடமுழுக்கு இறைவன் திருவருளால் இனிதே நிறைவேறிற்று. அடுத்த திருப்பணியாக அன்னதானக் கூடத்தை இருமடங்கு பெரிதாகக் கட்டக் குழுவினர் கருதியுள்ளனர். அப்பொருள் பற்றிச் சில சொல்லுமாறு என்னைப் பணித்தனர். அன்னதானத்தின் பெருமையைப் பேசுவதாயின் எளிது. ஒரு நாழிகைக்குக் குறையாமல் பேசலாம். நீங்களும் அன்போடு கேட்பீர்கள். பின்னர் அவரவர் இல்லம் செல்வோம். யான் இன்று அது செய்யப் போவதில்லை. அன்னம் இடுதல் அறம் என்பதை இவ்வவையில் ஐயுறுவார் ஒருவரும் இலர். கூடத்தைப் பெரிதாக்க முனைந்துள்ளீர்கள். எதனைப் பெரிதாக்கினால் பசித்தோர் மிகுதியாக உண்பர் என்பதே ஆராயத்தக்கது. கல்லும் கம்பியும் வாங்குமுன் ஆராய்தல் வேண்டும். வாங்கிய பின்னர் ஆராய்ந்து பயனில்லை.

நம் மொழியில் அன்னசாலையின் வரலாற்றை விரித்துரைக்கும் பழைய காப்பியம் மணிமேகலை. அது பௌத்த நூலாயிற்றே, சைவ மேடையில் அதனை எடுக்கலாமோ என்று முதியோர் சிலர் எண்ணக்கூடும். பசிக்குச் சமயம் இல்லை ஆதலின் எடுக்கிறேன். அந்நூலில் அமுதசுரபி முதன்முதல் யார் கைக்கு வந்தது, எப்பொழுது வந்தது என்பதை நம்மவர் பலர் ஊன்றி நோக்குவதில்லை. மணிமேகலைக்கு முன்னர் அதனைப் பெற்றவன் ஆபுத்திரன். ஊரால் விலக்கப்பட்டு மதுரையை அடைந்த அவன், சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் தங்கி, பகலெல்லாம் வீடுதோறும் ஐயம் ஏற்று, குருடரையும் செவிடரையும் முடவரையும் நோயுற்றோரையும் கூவியழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, அவ்வோட்டினையே தலையணையாக வைத்துத் துயின்றுவந்தான். பகலில் வந்தோர்க்கெல்லாம் உணவு கிடைத்தது. ஒரு மழைக்கால நள்ளிரவில் வழிப்போக்கர் சிலர் வந்து அவனை எழுப்பிப் பசி என்றனர். ஓடு வெறுமையாக இருந்தது. அவ்வேளையில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவான்? அவன் உற்ற துயரைக் கண்டே தேவி வெளிப்பட்டு அமுதசுரபியை அளித்தாள். காலம் தப்பி வந்த பசிக்காகவே அப்பாத்திரம் மண்ணுலகுக்கு வந்தது என்பதை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதற்குத் திரும்பி வருவேன்.

அதே நூலில் கட்டடத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. மணிமேகலை புகார் நகரில் உலகவறவி என்னும் பொது அம்பலத்தில் ஊட்டத் தொடங்கினாள். பிறகு சிறைக்கோட்டம் புகுந்து அங்கே வாடிக்கிடந்தோர்க்கும் ஊட்டினாள். காவலர் சென்று அரசனிடம் வியந்து கூற, அவன் அவளை அழைத்து, யான் உனக்குச் செய்யத்தக்கது யாது என வினவினான். புதியதொரு மாளிகை கட்டித் தருக என்று அவள் கேட்கவில்லை. அச்சிறைச்சாலையையே அறச்சாலை ஆக்குக என்றாள். இருந்த கட்டடம் அப்படியே இருக்க, அதன் வாயிலின் தன்மை மட்டும் மாறிற்று. கட்டடம் கட்டுவோர்க்கு இஃது ஒரு படிப்பினையாகும்; ஆயினும் இதனைக் கொண்டு கட்டடமே வேண்டா என்று யான் வாதிப்பதாகக் கொள்ளற்க. இவ்வூர்க் குளிரும் சாரலும் யான் அறிவேன். முழங்கால் மடக்கித் தரையில் அமர இயலாத முதியோர் மிகுந்துவிட்டனர். என் முழங்காலும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அவர்களுக்கு விசிப்பலகையும் மேசையும் வேண்டும். அவற்றுக்கு இடமும் வேண்டும்.

இனி, கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். நம் நாட்டில் மக்கள் கண்முன்னே இன்றும் நடைபெறுவதும் நாள் தவறாததுமான அன்னசாலைகளுள் முதன்மையாக நினைக்கத்தக்கது வடலூர்ச் சத்திய தருமச்சாலை. இராமலிங்க வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் அதனைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை அவருக்கு வழங்கினர். எண்பது காணி என்பது இற்றைக் கணக்கில் நூறு ஏக்கருக்கு மேற்பட்டது. அவ்வளவு பரந்த நிலம் கைக்கு வந்த ஒருவர் முதலில் யாது செய்திருப்பார்? நம் போன்றோர் மதில் எடுப்போம், முகப்பு எடுப்போம், கல்வெட்டு வைப்போம். அவர் முதலில் அடுப்பு மூட்டினார். அன்று ஏற்றிய அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. அது நீண்ட கோட்டையடுப்பு. இருபத்தோரடி நீளம் என்பர். அவர் வழிபாட்டுக்கென அமைத்த எண்கோண வடிவிலான சத்திய ஞானசபை 1872-ஆம் ஆண்டு சனவரித் திங்களிலேதான் தொடங்கப்பெற்றது. அடுப்புக்கும் சபைக்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. குடமுழுக்கு முடித்து அன்னசாலைக்கு வரும் நாம் அம்முறையைத் தலைகீழாகச் செய்கிறோம் என்று குறைகூற வரவில்லை. நம் கோயில் பழைய கோயில். அதன் திருப்பணி காத்திருக்க இயலாது. எனினும் அந்த வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

வடலூரில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் ஈண்டுக் கூறவேண்டும். தமிழ்நாட்டரசு ஏறத்தாழ நூறு கோடி ரூபாய்ச் செலவில் வள்ளலார் பன்னாட்டு மையம் ஒன்றை அங்கே அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிற்று. வருவோர்க்கு வசதி பெருக வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் சபைக்கு முன்னுள்ள பெருவெளியில் பள்ளம் தோண்டத் தொடங்கியதும், நிலம் வழங்கியோரின் வழிவந்த பார்வதிபுரத்து மக்களே திரண்டு தடுத்தனர். தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் நின்று சோதி காணும் வெளி அது. அது வெளியாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் வழக்கு. செய்தி உயர்நீதிமன்றம் வரை சென்றது. எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறும் இடம் இது அன்று. யான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே: அறச்சாலைக்கு வெற்றிடமும் ஒரு கருவி. திருவிழாக் காலத்தில் பந்தல் போடவும், விறகும் காய்கறியும் வந்து இறங்கவும், கைகழுவவும், எச்சில் இலை அகற்றவும், முறைக்குக் காத்திருப்போர் மழையில் நனையாமல் நிற்கவும் இடம் வேண்டும். நம் கூடத்துக்குக் கிழக்கே கிடக்கும் வெற்றுமனை முழுவதையும் கான்கிரீட்டுத் தூண்களால் நிரப்பிவிட்டால், கூடம் பெருகும்; கூடத்துக்கு வருவோர் நிற்க இடம் இராது. ஆதலின் வரைபடம் வரையும் பொறியாளரிடம் தூண்களைப் பற்றிப் பேசுமுன் வெற்றிடத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இங்கே பசித்திருப்பவர் யாவர்?

நம் பாட்டன்மார் காலத்தில் இக்கேள்விக்கு விடை வேறாக இருந்தது. ஓசூரும் கிருட்டிணகிரியும் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1876-இல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கொடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று; எல்லைக்கு அப்பால் மைசூர் நாடும் அவ்வாறே அழிந்தது. அரசாங்கம் நிவாரண வேலை அளித்தது. கூலி மிகுந்துவிட்டது என்று கருதிய சர் ரிச்சர்டு டெம்பிள், ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என 1877-இல் குறைத்தார். உழைக்கும் உடல் அவ்வளவில் உயிர் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியாகிய டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். பசியின் அளவை யார் வரையறுப்பது என்னும் வழக்கு அன்றே இந்நிலத்தில் நடந்துள்ளது.

இன்று பஞ்சம் இல்லை. கேழ்வரகும் மாவும் மலரும் காய்கறியும் விளையும் வளமான மாவட்டம் இது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அதன்பின் ஊர்தியும் கைக்கடிகாரமும் இயந்திர உறுப்புகளும் செய்யும் ஆலைகள் வரிசையாக வந்தன. அண்மையில் பெரிய மின்னணு ஆலைகளும் வந்து பெண்பிள்ளைகள் பல்லாயிரவர் பணிபுரிகின்றனர். பெரிய ஆலையில் வேலை செய்வோர்க்கு ஆலையிலேயே உணவு உண்டு. இருநூற்றைம்பது தொழிலாளர்க்கு மேற்பட்ட ஆலையில் உணவகம் அமைக்கச் செய்யலாம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இடம் வகுத்தது. அவர்கள் நம் பந்தியை எதிர்நோக்கியிருப்பவர் அல்லர். அச்சட்டத்தின் எண்ணிக்கைக்கு உட்படாத சிறு பட்டறைகளில் பத்துப் பேராகவும் இருபது பேராகவும் வேலை செய்வோர், சுமை ஏற்றி இறக்குவோர், கட்டட வேலைக்கு நாட்கூலியாக வந்தோர், ஒப்பந்தக்காரர் கையில் கூலி தங்கிப்போனோர், காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டி வருவோர், வேலை தேடி நேற்று இறங்கிப் பேருந்து நிலையத்தில் படுத்திருப்போர், இவர்களே இன்று நம் ஊரில் பசித்திருப்பவர். இவருள் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர். 2020 மார்ச்சு 25-இல் நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது, இவர்கள் எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது நமக்கே புலனாயிற்று. எல்லைச் சாவடி அடைபட்டு, ஆலை அடைபட்டு, ஊருக்கு நடந்தே செல்ல முற்பட்டோரை நெடுஞ்சாலையோரத்தில் கண்டோம். அன்று வீட்டுக்கு வீடு சமைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்த தாய்மார் பலர் இவ்வவையிலே அமர்ந்திருக்கிறீர்கள். அக்காலத்தில் நம்மில் எவரிடமும் கூடம் இல்லை. கூடம் இருந்த இடங்களும் அடைபட்டுக் கிடந்தன.

இப்போது ஆலைகள் ஓடுகின்றன. பல ஆலைகளில் ஆட்கள் மாறும் வேளை காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து. நம் அன்னதானமோ நண்பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கி, சோறு தீரும்வரை நடந்து, ஒன்றரை மணிக்குள் முடிகிறது. அந்நேரத்தில் மேற்சொன்னவருள் எவர் வர இயலும்? பட்டறையில் இருப்பவன் பட்டறையில் இருக்கிறான். இரவுப்பணி முடித்தவன் உறங்குகிறான். வருவோர் பெரும்பாலும் வழிபாட்டுக்கு வந்த நம்மைப் போன்றோர். நாமும் உண்ணத்தக்கவரே, திருக்கோயில் அமுது எவர்க்கும் பொது. ஆயினும் கூடத்தை இருமடங்கு ஆக்கினால் நம்மைப் போன்றோர் இருமடங்கு விரைவில் உண்டு எழுவோம் என்பதற்கு மேல் என்ன நிகழும்?

இதனை நோக்கியே பெரியபுராணத்தில் திருவீழிமிழலை நிகழ்ச்சி என் நினைவுக்கு வருகிறது. நாட்டில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் அத்தலத்தில் தங்கியிருந்தனர். இருவர்க்கும் தனித்தனித் திருமடம். அடியார்க்கு அமுது செய்விக்கும் கடமையும் இருவர்க்கும் உண்டு. இறைவன் நாள்தோறும் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் ஒவ்வொரு பொற்காசு வைத்தருளினான். அப்பர் பெற்ற காசு குற்றமற்றது. சம்பந்தர் பெற்ற காசில் வாசி இருந்தது. அதாவது கடைக்காரர் வட்டம் கழித்தே அதனை ஏற்பர். இருவர் மடத்திலும் அரிசி ஒன்றே, காய்கறி ஒன்றே, அன்பும் ஒன்றே. ஆனால் அப்பர் மடத்தில் அடியார் வேளையோடு உண்டனர். பிள்ளையார் மடத்திலோ காசை மாற்றிப் பண்டம் வாங்கி வருவதற்குள் பொழுது ஏறிவிடும். இதனை உணர்ந்த சம்பந்தர் காலம் தாழ்ப்பதற்குக் காரணம் யாது என்று வினவி அறிந்து, வாசி தீர்த்தருளுமாறு இறைவனைப் பாடி வேண்டினார்.

அப்பர் கையால் திருத்தொண்டு செய்தவர் ஆதலின் அவர்க்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்று நம் ஆசிரியர்கள் உரைப்பர். அது ஒரு பொருள். எனக்குப் படிக்குந்தோறும் தோன்றுவது மற்றொன்று. மூன்று வயதில் ஞானப்பால் உண்ட பெருமான் இறைவனிடம் சென்று கேட்டது கூடுதற் காசு அன்று, பெரிய மடமும் அன்று. தம் மடத்துச் சோறு சற்றுத் தாழ்ந்து வருகிறது என்பதே அவரது குறை. உணவு கிடைத்ததா என்பதோடு அவர் அமையவில்லை. வேளைக்குக் கிடைத்ததா என்று பார்த்தார். நம் அன்னதானத்துக்கும் ஒரு வாசி உண்டு. அரிசியிலும் பருப்பிலும் குறையில்லை, வேளையிலே குறை.

இது புதிய கருத்தும் அன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களைக் காக்க வேண்டி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே செல்லும் யாத்திரிகர் தங்கும் அச்சத்திரங்களில் உயர்குலத்தார் முதல் தாழ்த்தப்பட்டார் ஈறாக வருவோர் அனைவர்க்கும் சோறு இடப்படும் என்றும், நோயுற்றோர்க்கு மருத்துவம் செய்யப்படும் என்றும் அவர் அதில் விரித்துரைக்கிறார். அதில் ஒரு குறிப்பு என்னை மிகவும் கவர்ந்தது. நள்ளிரவு வரை சோறு இடுவர். பின்னர் மணி அடித்து, இதுவரை உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வருக என்று அறிவித்து, வருவோர்க்கு எஞ்சியதை இடுவர் என்கிறார். அடுத்த ஆண்டில் ஒரத்தநாட்டில் அவர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் கல்தேரும் குதிரையுமாக இன்றும் காண்போரை மயக்குகிறது. அதன் சிற்பத்தைப் படம் எடுப்போர் பலர். அந்த மணியைப் பற்றிப் பேசுவோரை யான் அதிகம் கண்டதில்லை.

திருக்கோயில்களில் நண்பகல் அன்னதானத்தைத் தமிழ்நாட்டரசு 2002-இல் தொடங்கியது நீங்கள் அறிந்ததே. நண்பகல் போதாது என்பதை அரசே உணர்ந்து, 2012-இல் திருவரங்கத்திலும் பழனியிலும், 2021-இல் திருச்செந்தூர், சமயபுரம், திருத்தணி ஆகிய தலங்களிலும் நாள் முழுவதும் வழங்கும் முறையை ஏற்படுத்திற்று. அவை பெருந்தலங்கள், உண்டியல் வருவாய் உடையவை. நம் போன்ற கோயில் அவ்வளவு செய்ய இயலாது என்பர். கணக்குப் பார்ப்போம். ஐம்பது பேர் அமரும் கூடத்தில் ஒரு பந்திக்கு அரைமணி நேரம் என்றால், ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பந்தி, நூற்றைம்பது பேர். கூடத்தை நூறு பேர்க்கு ஆக்கினால் முந்நூறு பேர். கூடத்தைத் தொடாமல், இரவு ஒன்பதரை முதல் பதினொன்று வரை மூன்று பந்தி கூடுதலாக இட்டாலும் அதே முந்நூறு பேர். முன்னதற்குப் பல இலட்சம் வேண்டும். பின்னதற்கு இரு சமையற்காரரும் நான்கு தொண்டரும் இரவுக்கு ஒரு விளக்கும் வேண்டும். அரிசிச் செலவு இரண்டிலும் ஒன்றே. அடுப்பும் இரண்டிலும் ஒன்றே. கூடம் பெருகி அடுப்பு பெருகாவிடில் நூறு பேர் அமர்ந்து ஐம்பது பேர் உண்பதைப் பார்த்திருக்க நேரும்.

ஆதலின் யான் வேண்டுவது, கட்டட வரைபடத்தில் சில மாறுதல்களே. முதலாவது, தெருவை நோக்கிய தனிவாயில். அர்த்தசாமம் முடிந்து கோயில் நடை சாத்தப்பெறும். அன்னசாலைக்கு வழி கோயிலுக்குள்ளே இருக்குமாயின் அதுவும் உடன் அடைபடும். மடைப்பள்ளி தனியாகவும் இச்சாலை தனியாகவும் இருந்து, இதற்குத் தெருப்பக்கம் ஒரு கதவு இருப்பின் இரவு பதினொரு மணிக்கும் திறக்கலாம். ஆகம விதிக்கும் ஊறு நேராது. இஃது ஒன்று அமையுமாயின் ஏனையவற்றை யான் வற்புறுத்தேன்.

நீரைப் பற்றியும் கூறவேண்டும். நம் மாவட்டத்திலும் தருமபுரியிலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல்லில் கறை படிவதும் எலும்பு வளைவதும் அதனால் நேர்பவை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது. கொதிக்க வைத்தால் தீங்கு போகும் என்று சிலர் எண்ணுகின்றனர். கிருமி போகும், ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அது செறிவாகும். உலைநீரும் பருப்பு வேகும் நீரும் குடிநீர்க் குழாயிலிருந்தே வருதல் வேண்டும். அதற்குத் தொட்டி கட்டுங்கள். பளிங்குத் தரை பிறகு ஆகட்டும்.

இரவில் என்ன இடுவது? சாம்பார், கூட்டு, பொரியல், பாயசம் என்று நீட்ட வேண்டியதில்லை. இம்மண்ணின் உணவு கேழ்வரகு. பெரிய அண்டாவில் துடுப்புப் போட்டுக் களி கிளறவும், கீரைக்குழம்பு வைக்கவும் இவ்வூர்ப் பெண்டிர்க்கு ஒருவர் கற்பிக்க வேண்டியதில்லை. எல்லைக்கு அப்பால் வாழ்வோரும் அதனையே முத்தை என்று உண்கின்றனர். வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் களி பழக்கமின்மையின் சோறும் பருப்பும் இருக்கட்டும். வாரம் ஓரிரு நாள் சப்பாத்தியும் இருக்கட்டும். அமிருதசரசுப் பொற்கோயிலில் நாளொன்றுக்கு ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உண்ணும் பந்தியில் ரொட்டியும் பருப்புமே முதன்மை. ரொட்டி இடுவதற்கு இயந்திரமும் உண்டு. சீக்கியர் அதில் வெட்கப்படவில்லை.

எல்லைக்கு அப்பால் என்றேன். அங்கே நம் உடன்பிறந்த வீரசைவ மரபில் அன்னம் இடுதலுக்குத் தாசோகம் என்று பெயர். இடுபவன் அடிமை என்னும் பொருள் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. தும்கூர்ச் சித்தகங்கா மடத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் ஏழைப் பிள்ளைகள் சாதி சமய வேறுபாடின்றி உண்டு, உறைந்து, கற்கின்றனர். அம்மடத்துச் சிவகுமார சுவாமிகள் தம் நூற்றுப் பதினோராம் வயதில் 2019 சனவரி 21-ஆம் நாள் முற்பகலில் சிவனடி சேர்ந்தார். அச்செய்தியைப் பிள்ளைகள் நண்பகல் உணவு உண்டு முடித்த பின்னரே அறிவித்தல் வேண்டும் என்பது அவர் முன்பே தெரிவித்திருந்த விருப்பம், அவ்வாறே செய்தனர். தம் இறப்பினாலும் ஒரு வேளைச் சோறு தள்ளிப்போகக் கூடாது என்று எண்ணியவர் அவர். சம்பந்தர் கேட்ட கேள்வியை அறிந்தவர்க்கு இதன் பொருளை யான் விளக்க வேண்டியதில்லை.

வாயிற்படியைப் பற்றி ஒரு சொல். யான் மடத்தில் பயின்ற இளமையில் பந்திக்குப் பந்தி வேற்றுமை இருந்த இடங்களைக் கண்டிருக்கிறேன். உள்ளே ஒரு பந்தி, தாழ்வாரத்தில் ஒரு பந்தி, வெளியே கையேந்துவோர் வரிசை ஒன்று. உணவு ஒன்றாகவே இருந்தும், வெளி வரிசையில் நின்று பெற்றவன் முகத்தை யான் மறந்ததில்லை. இன்று அவ்வழக்கம் ஒழிந்தது. ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதன் இடத்தில் டோக்கன் வந்திருக்கிறது. பதினொரு மணிக்குச் சன்னிதியருகே வரிசையில் நின்று சீட்டு வாங்கியவர்க்கே சோறு என்றால், தமிழ் அறியாத ஒடிசாப் பிள்ளைக்கு அவ்வரிசை எதற்கு என்றே விளங்காது. இது உள்ளூரார்க்கு நடக்கும் விருந்து என்று எண்ணி வாயிலைப் பார்த்தபடியே கடந்து போவான். எண்ணிக்கை அறிவதற்காகச் சீட்டு என்பது எனக்குத் தெரியும். எண்ணிக்கையை அடுப்படியில் இருப்பவர் பத்து நாளில் கைக்கணக்காக அறிந்துகொள்வர். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி, ஒடியா, வங்காளம் ஆகிய எழுத்துகளில், எவரும் வரலாம், கட்டணம் இல்லை, இன்ன வேளை என்று ஒரு பலகை தெருவாயிலில் இருக்கட்டும். நன்கொடையாளர் பெயர்ப்பலகையை அதனினும் சிறிதாக, உட்புறச் சுவரில் வையுங்கள். கொடுத்தவர் பெயரைப் பொறிப்பதில் தவறில்லை. நம் கோயிற்சுவர்களில் கல்வெட்டுகள் பலவும் அப்படிப் பொறித்தவையே. இருப்பினும் மின்விசிறியின் இறகு தோறும் பெயர் எழுதும் வழக்கத்தை இக்கட்டடத்திலாவது தவிர்க்கலாம்.

இறுதியாக ஒரு நாயனாரை நினைவுகூர்வேன். இளையான்குடி மாறனார் வீட்டுக்கு அடியார் வந்ததும் மழை இரவிலே, அடுப்பு ஆறிய பின்னரே. வீட்டில் அரிசி இல்லாமையால், பகலில் விதைத்த நெல்லை இருளில் சென்று வாரிக் கொணர்ந்தார். விறகு இல்லாமையால் வீட்டுக் கூரையின் கழிகளை அறுத்து அடுப்பில் வைத்தார். கறிக்குக் குழியில் முளைத்திருந்த கீரையைப் பறித்தார். கூரையை எரித்து உலை வைத்தவரின் குருபூசையை நாம் ஆண்டுதோறும் ஆவணி மகத்தில் கொண்டாடுகிறோம். கூரை எழுப்பப் போகும் குழுவினர், எழுப்புவதற்கு முன்னே, பழைய கூடத்திலேயே, இவ்விரவிலிருந்தே ஒரு பந்தி தொடங்கிப் பாருங்கள். மூன்று திங்கள் நடத்திய பின்னர் எத்தனை பேர் வருகின்றனர், எவ்வேளையில் வருகின்றனர், எவ்வழியாக வருகின்றனர் என்பது தெரிந்துவிடும். வரைபடத்தை அப்போது முடிவு செய்யலாம், பொறியாளர் காத்திருப்பார்.

இன்று எனக்குப் பொன்னாடையும் ஒரு கவரும் அளித்தீர்கள். பொன்னாடையை வைத்துக்கொள்கிறேன், இவ்வூர்க் குளிருக்கு உதவும். கவரைத் திருப்பணிக் குழுச் செயலாளரிடம் தருகிறேன். தெருவாயிலில் தொங்கவிட ஒரு வெண்கல மணி வாங்கிக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் நல்ல வார்ப்பு கிடைக்கும். குறையும் தொகையை அடுத்த முறை வரும்போது தருவேன்.

திருச்சிற்றம்பலம்.